பழைய பிக்கப்பில் கிரவுன் ஆயில் மாற்றுவது: மீன் லோடு ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடம் பிக்கப்:
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, வண்டி வாசலில் நிற்கிறது. ஜூன் 14 வரை விசைப்படகு போகாது என்பதால் எனக்கு லோடும் கிடையாது. இந்த இடைவெளியில் கிரவுன் ஆயிலை, அதாவது பின் ஆக்ஸில் நடுவில் இருக்கிற பல் சக்கரங்களுக்கு ஊற்றுகிற ஆயிலை, நானே மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன்.

வண்டி 2008 மாடல் டீசல் பிக்கப், கைமாறி வந்தது. முந்தைய ஓனரிடம் கேட்டால் "அதெல்லாம் மாற்றணுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். பாம்பனில் ஐஸ் போட்டு ஏற்றினால் மதுரையில்தான் இறக்குவேன். இப்போது இரண்டு பிரச்சினை. பினியன் பக்கம், அதாவது முன்னாலிருந்து வருகிற ஷாஃப்ட் ஆக்ஸிலில் சேருகிற இடம், எப்போதும் ஈரமாக இருக்கிறது, புழுதி ஒட்டிக் கருப்பாகப் படிந்திருக்கிறது. இன்னொன்று, 50, 60 வேகத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்னாலிருந்து "ஊஊ" என்று ஒரு சத்தம். ஒரு பட்டறையில் உள்ளே இருக்கிற பெரிய, சின்னப் பல் சக்கர ஜோடியான கிரவுன் பினியன் செட்டையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். ஆயில் கடையில் ஒருவர் 90 நம்பர் ஆயில் போடு என்கிறார், இன்னொருவர் பழைய வண்டிக்கு 140தான் சரி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பட்டறை மாமா (ராமநாதபுரம்):
தம்பி, செட் மாற்றுகிற பேச்சை அப்புறம் பார்ப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் அதைச் சொல்லக் கூடாது.

வண்டியைச் சமமான தரையில் நிறுத்து. உன் வாசல் மணல் தரையாக இருந்தால் ரோட்டோரச் சிமெண்ட் தளம் எதையாவது தேடு. பிக்கப் உயரத்துக்கு ஜாக்கியே வேண்டாம், அப்படியே உள்ளே நுழையலாம். ஜாக்கி வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அடியில் பலகை போடு, ஸ்டாண்ட் வை, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடு. பின்பக்கத்தைத் தூக்கியபின் ஹேண்ட் பிரேக்கை நம்பாதே, அது பிடிப்பதே பின் சக்கரத்தைத்தான்.

முதலில் மேலே இருக்கிற, ஆயில் ஊற்றுகிற ஃபில்லர் பிளக்கைக் கழற்று. அது கழன்றால் மட்டும் கீழே இருக்கிற, ஆயில் வடிக்கிற ட்ரெயின் பிளக்கைத் தொடு. கீழே திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் பிளக் அசையவில்லை என்று வண்டியைக் கட்டி இழுத்து வருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சூடு இருக்கும்போதே வடி. கசடும் சேர்ந்து வரும். என்ன நிறத்தில் வந்தது, ட்ரெயின் பிளக் காந்தத்தில் என்ன ஒட்டியிருந்தது, இரண்டையும் இங்கே எழுது. சத்தத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

சாயல்குடி கரி லோடு:
நான் கரி மூட்டைதான் ஏற்றுகிறேன். என் வண்டியும் அந்த வயசுதான். 140 போட்டுத்தான் ஓட்டுகிறேன், சத்தம் அடங்கிவிட்டது. பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் லாயக்கு.

மண்டபம் லூப்:
சத்தம் அடங்கியது தேய்மானம் நின்றதால் இல்லை, அண்ணே. கெட்டி ஆயில் பல்லுக்கு நடுவில் தடிமனாக நின்று சத்தத்தை அமுக்குகிறது. வண்டிப் புத்தகம் 140 சொன்னால் தாராளமாகப் போடுங்கள். 90 சொன்னால் 90தான். கெட்டி ஆயில் காலையில் பினியன் பேரிங்குக்கு மெதுவாகத்தான் ஏறும், டீசலும் கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

90 என்ற எண்ணைப் பார்த்து நிறைய பேர் ஏதோ தார் மாதிரி இருக்கும் என்று நினைக்கிறார்கள். கியர் ஆயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் அளவுகோல் வேறு. 100 டிகிரி சூட்டில் 90 கியர் ஆயிலின் பிசுபிசுப்பு 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை. எஞ்சின் ஆயிலில் 40 என்பது 12.5 முதல் 16.3, 50 என்பது 16.3 முதல் 21.9. ஆக, உங்கள் 90 நம்பர் கியர் ஆயில் சூட்டில் கிட்டத்தட்ட 40, 50 எஞ்சின் ஆயில் அளவுக்குத்தான் ஓடும். 80டபிள்யூ-90 என்று இருந்தால் குளிரிலும் ஓடும் என்று அர்த்தம். நம் ஊரில் அந்த முன்பாதிக்குப் பெரிய வேலை இல்லை.

எண்ணைவிட முக்கியம் டின்னில் ஜிஎல்-5 என்ற தரக் குறியீடு போட்டிருக்கிறதா என்பது. கிரவுனும் பினியனும் ஹைபாய்ட் பல். உருண்டு மட்டும் போகாது, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே போகும். அந்த அழுத்தத்தில் சாதா ஆயில் படலம் கிழிந்துவிடும். ஜிஎல்-5இல் இருக்கிற கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம்தான் இரும்பின்மேல் ஒரு பூச்சாக நின்று காப்பாற்றும். கியர் ஆயில் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது அதனால்தான். லுங்கியில் பட்டால் துவைத்தாலும் போகாது, பழைய லுங்கியாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

மீதி ஆயிலைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். பித்தளை சிங்க்ரோ ரிங் (கியர் சத்தமில்லாமல் விழ உதவுகிற வளையம்) இருக்கிற கியர்பாக்ஸ் நிறையவற்றுக்கு ஜிஎல்-4தான் சொல்லியிருப்பார்கள். ஜிஎல்-5இன் கந்தகம் பித்தளையை அரிக்கும்.

கீழக்கரை ஸ்பானர்:
லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கிற அமைப்பு, உள்ள வண்டி வைத்திருக்கிறவர்கள் மட்டும் அதற்குரிய ஆயில் வாங்க வேண்டும். நம் லோடு பிக்கப்பில் பெரும்பாலும் அது இருக்காது. தம்பிக்கு அந்தக் கவலை வேண்டாம்.

எனக்கு அந்த ஈரம்தான் உறுத்துகிறது. பிரீதரைப் பார்த்தீர்களா? ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல்பக்கம் விரல் நுனி அளவுக்கு ஒரு தொப்பி இருக்கும். சில வண்டியில் சின்ன ரப்பர் குழாய். ஓடும்போது உள்ளே சூடாகிற காற்று அதன் வழியாக வெளியேற வேண்டும். அது அடைத்தால் அழுத்தம் ஏறி, ஆயில் கசியாமல் தடுக்கிற ரப்பர் சீல் வழியாகவே ஆயிலைத் தள்ளும். பினியன் சீல் புதிதாகப் போட்டாலும் மறுபடி கசியும். சீல் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். பாவம் அந்தக் கடைக்காரர்.

சத்திரம் வேன்:
கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன பிரீதர் விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வருவதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டியவன் நான். பாதி தூரம் மணல், பாதி தூரம் கடல் தண்ணீர். ஆக்ஸில் முங்காமல் ஒரு நடை போனதில்லை.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று கேட்டால் எல்லாரும் சீல் பழுது என்பார்கள். சீல் நன்றாக இருந்தாலும் போகும். ஓடி ஓடி ஹவுசிங் சூடாக இருக்கும். அப்படியே கடல் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கும். 80 டிகிரியில் இருந்தது 30க்கு இறங்கினால் காற்று ஏழில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அந்த இடத்தை நிரப்ப எது கிடைக்கிறதோ அதை உறிஞ்சும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர் உப்பு கட்டி அடைத்திருந்தால் சீல் உதட்டின் வழியாக உறிஞ்சும். ஆயிலை வெளியே விடாத சீல், வெளியிலிருந்து வருகிற தண்ணீரை அந்த அளவுக்குத் தடுக்காது. அதன் உதடு உள்பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது.

நாங்கள் அந்தக் காலத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு ரப்பர் ஹோஸ் மாட்டி, சேசிஸ் ஓரமாக மேலே கொண்டுபோய், கேபின் முதுகில் கட்டிவிடுவோம். எங்கள் வரிசையில் அது இல்லாத வேனே கிடையாது.

தங்கச்சிமடம் பிக்கப்:
அண்ணே, நான் கடலுக்குள் வண்டி இறக்குவதில்லை. ஜெட்டிக்கு வெளியே தார் ரோட்டில்தான் நிற்கும். அப்படியும் தண்ணீர் போகுமா?

சத்திரம் வேன்:
நீ இறக்க வேண்டாம், அது மேலேயிருந்து வரும். மீன் ஏற்றிய வண்டியின் லோடு தொட்டிக்கு அடியில் படுத்துப் பார்த்திருக்கிறாயா? உருகின ஐஸ் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகவும் வடிகால் ஓட்டை வழியாகவும் எங்கே விழுகிறது? நேராக ஆக்ஸில் மேலே. பரமக்குடி தாண்டும்போது ஹவுசிங் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதன்மேல் ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக, அதுவும் மீன் உப்போடு. பிரீதர் தொப்பி இருக்கிற இடமும் அதே மேல்பக்கம்தான்.

பட்டறை மாமா:
இவர் சொல்வது நூற்றுக்கு நூறு. என்னிடம் வருகிற பிக்கப்களில் கரி, மிளகாய், பனங்கருப்பட்டி ஏற்றுகிற வண்டியில் ஆயில் கருப்பாக வரும், அவ்வளவுதான். மீன் வண்டியில்தான் வெளுத்துப்போய் வரும்.

தங்கச்சிமடம் பிக்கப்:
மேல் பிளக் கழலவில்லை. துருப்பிடித்து உட்கார்ந்திருக்கிறது. அரை அங்குல டி ராடு போட்டு இழுத்தேன், பிளக்கின் சதுரக் குழி மழுங்கத் தொடங்கியது. நிறுத்திவிட்டேன்.

கீழக்கரை ஸ்பானர்:
நிறுத்தியதே நல்லது. கம்பி பிரஷ்ஷால் சுற்றி இருக்கிற துருவைச் சுரண்டுங்கள். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் பிளக்கின் நடுவில் ஒரு மழுங்கல் உளி வைத்துச் சுத்தியால் நாலைந்து தட்டு தட்டுங்கள். அந்த அதிர்ச்சியில்தான் மரையில் பிடித்த உப்புத் துரு உடையும். அப்புறம் ஒரே மூச்சாகக் கழற்றப் பார்க்காமல், இறுக்குகிற பக்கம் ஒரு நூல், கழற்றுகிற பக்கம் ஒரு நூல் என்று ஆட்டிக் கொடுங்கள். குழிக்குச் சரியாகப் பொருந்துகிற சாவியாக இருக்கட்டும்.

அதற்கும் அசையாவிட்டால் மேலே ஒரு நட்டை வெல்டிங் வைத்துக் கழற்றலாம். வெல்டிங் சூட்டிலேயே பாதி இளகிவிடும். ஆனால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை ஹவுசிங்கிலேயே, பிளக்குக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். எங்கேயோ சேசிஸில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளையில் புள்ளி போட்டுவிடும்.

தங்கச்சிமடம் பிக்கப்:
உளி வேலை செய்தது, வெல்டிங் தேவைப்படவில்லை.

ஆயில் வடித்தாயிற்று. பால் ஊற்றிய காப்பி நிறம். கொஞ்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறேன். ராத்திரி வைத்துப் பார்த்ததில் அடியில் மெல்லிசாக ஒரு தண்ணீர்க் கோடு, மேலே இன்னும் அதே காப்பிதான். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் குழைவாக ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் நரநரப்பு இல்லை. ஒரே ஒரு சின்னச் செதில் மட்டும் இருந்தது, நகத்தில் பாதி அகலம்கூட இல்லை, மெல்லிசு.

மண்டபம் லூப்:
குழைவு சாதாரணம், ஓடுகிற எந்தக் கிரவுனிலும் அது இருக்கும். செதில்தான் கவனிக்க வேண்டியது. பல் முனை உடைந்து வந்தால் கனமாக, ஒரு பக்கம் பளபளவென்று பல்லின் வளைவோடு இருக்கும். மெல்லிய செதில் என்றால் பேரிங் உருளை ஓடுகிற பாதை உரிகிறது என்று சந்தேகப்படலாம். உப்புத் தண்ணீர் பட்ட பேரிங் முதலில் புள்ளி புள்ளியாகத் துருவேறும், அந்தப் புள்ளியிலிருந்துதான் உரியத் தொடங்கும்.

தண்ணீர்தானா என்று உறுதி செய்ய இன்னொரு வழி: ஒரு பழைய இரும்புத் தகட்டை நன்றாகச் சூடாக்கி இந்த ஆயிலில் இரண்டு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் சடசடவென்று தெறிக்கும். இல்லாவிட்டால் சும்மா புகையும். சமையல் தோசைக்கல்லை எடுத்துவிடாதீர்கள், வீட்டில் சண்டை வரும். தள்ளி நின்று செய்யுங்கள், கண்ணில் தெறிக்கும்.

தங்கச்சிமடம் பிக்கப்:
தெறித்தது. நன்றாகவே.

தொண்டி ரோடு:
ரெண்டு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி, சக்கரத்தைத் தூக்கி அஞ்சு நிமிஷம் சுற்றவிட்டு வடித்தால் எல்லாம் பளிச். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பட்டறை மாமா:
தொண்டி மாப்பிள்ளை, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மண்ணெண்ணெய் நடு வயிற்றில் மட்டும் நிற்காது. இரண்டு பக்கமும் ஆக்ஸில் குழாய்க்குள் ஓடும், ட்ரெயின் பிளக் வழியாக அது முழுக்கத் திரும்பி வராது. மிச்சம் நின்றது புது ஆயிலை நீர்க்கச் செய்யும். சுற்றுகிற அந்த அஞ்சு நிமிஷமும் பல்லுக்கு நடுவில் ஒழுங்கான படலம் இல்லை. கிரவுனைக் கழற்றி வெளியே வைத்துக் கழுவுகிறாயா, மண்ணெண்ணெய் சரி. மாட்டியபடியே கழுவுவதற்கு அதைத் தொடாதே.

தங்கச்சிமடம் தம்பி, நீ விலை குறைந்த ஜிஎல்-5 90 ஒன்றை வாங்கி ஓட்டை விளிம்பு வரை ஊற்று. லோடு இல்லாமல் ராமேசுவரம் போய் வா. சூட்டோடு வடி. மறுபடி வெளுப்பாக வந்தால் இன்னொரு தடவை. கருப்போ தேன் நிறமோ வந்தபின் நல்ல ஆயில் போடு. பின்மூடி போல்ட் போட்டு மாட்டிய வண்டியாக இருந்தால் மூடியைக் கழற்றித் துடைத்தே விடலாம். உன்னுடையது பின்பக்கம் வெல்டிங் வைத்த பாஞ்சோ ஹவுசிங் என்றால் அதற்கு வழி இல்லை. கிரவுன் தொகுதி முன்பக்கமாகத்தான் வெளியே வரும்.

எவ்வளவு ஊற்றுவது என்று கேட்காதே, அந்த ஓட்டைதான் அளவு. விளிம்பில் வழிந்து சொட்டு நின்றதும் பிளக்கை மூடு. கூட ஊற்றினால் நுரைக்கும், சூடாகும், சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப் பக்கம் கசியும். ட்ரெயின் பிளக்குக்குக் காப்பர் வாஷர் இருந்தால் புதிது போடு.

சாயல்குடி கரி லோடு:
ஊற்றுவதற்கு ஆயில் கன் இல்லை என்றால், தொட்டிக்கும் டயருக்கும் நடுவிலிருந்து ஒரு ஹோஸை ஓட்டைக்குள் விட்டு, மேலே புனல் வையுங்கள். கொஞ்ச நேரம் எடுக்கும், ஆனால் முகத்தில் ஊற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

கீழக்கரை ஸ்பானர்:
வண்டி நிற்கும்போதே பின் டிரம் இரண்டையும் கழற்றிப் பாருங்கள். பிரீதர் அடைத்த வண்டியில் ஆயில் பினியன் பக்கம் மட்டும் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஹப் சீல் தாண்டி பிரேக் லைனிங்கில் ஏறியிருந்தால் லோடோடு பாம்பன் பாலத்திலிருந்து இறங்கும்போது ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், சூடானதும் உள்ளே ஊறியது வெளியே வரும். மாற்றிவிடுங்கள்.

தொண்டி ரோடு:
சரி மாமா, மண்ணெண்ணெயை விட்டேன். வடித்த ஆயிலைச் சேசிஸில் அடிக்கலாம் இல்லையா? உப்புக் காற்றுக்கு நல்ல காப்பு. இல்லை அதற்கும் வழக்கு உண்டா?

மண்டபம் லூப்:
உண்டு. இரும்புக்கு நல்லதுதான், ஆனால் கை சேசிஸோடு நிற்பதில்லை. ஷாக் அப்சார்பர் புஷ், கட்டை ரப்பர், பிரேக் ஹோஸ் எல்லாவற்றிலும் படும், ரப்பர் உப்பி இளகும். மேலும் இந்த ஆயிலிலேயே உப்புத் தண்ணீர் கலந்திருக்கிறது. அதைப் போய் சேசிஸுக்குக் காப்பாக அடிப்பதா?

மணலில் கொட்டுவதும் வேண்டாம். முதல் மழைக்கே கடலுக்குப் போய்விடும். நமக்கு எதிரே இருப்பது 21 தீவுகளோடு 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த மன்னார் வளைகுடா. அந்தக் கடலில்தான் நம் எல்லாருக்கும் லோடு. பழைய ஆயில் அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது, அனுமதி உள்ள மறுசுழற்சிக்காரருக்குத்தான் போக வேண்டும். டின்னில் அடைத்து, பழைய ஆயிலை முறையாக எடுத்து அனுப்புகிற பெரிய சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

தங்கச்சிமடம் பிக்கப்:
முடித்துவிட்டேன். இரண்டாவது முறை வடித்தபோது லேசான மஞ்சள் கலங்கல் இருந்தது, மூன்றாவதில் சுத்தமாக வந்தது. டிரம் இரண்டும் காய்ந்துதான் இருக்கின்றன.

பிரீதர் தொப்பியைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாக உப்பும் துருவும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. ஊசி விட்டாலும் போகவில்லை. சத்திரம் அண்ணன் சொன்னபடி ஹோஸ் மாட்டிவிட்டேன். பினியன் பக்கத்தைத் துடைத்துவிட்டு ராமநாதபுரம் போய் வந்தேன், ஈரம் இல்லை. சீல் இன்னும் மாற்றவில்லை.

ஆனால் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டால் அதே "ஊஊ".

பட்டறை மாமா:
இருக்கும். ஆயில் தேய்ந்ததை வளர்க்காது. ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது இல்லாமல் விடும்போது மட்டும் கத்தினால் பெரும்பாலும் பினியன் பேரிங் தளர்ந்திருக்கும். அந்தச் செதிலும் அதைத்தான் சொல்கிறது. முன்னாலிருந்து ஆக்ஸிலுக்கு வருகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த பினியன் ஃபிளாஞ்சை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பார். சுற்றுகிற பக்கம் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், அது பல்லின் இடைவெளி. மேலும் கீழும் துளிகூட இருக்கக் கூடாது. ஷாஃப்ட் கையில் இருக்கும்போதே அதன் முனை மூட்டான கிராஸையும் மடக்கிப் பார், அது இறுகியிருந்தாலும் பின்னால் சத்தம் கேட்கும்.

ஆட்டம் இருந்தால் பேரிங் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், கூடவே சீலும். கிரவுன் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் செட் வேண்டுமா என்று முடிவு. பல் நன்றாக இருந்தால் பழைய செட்டே ஓடும். இதை மட்டும் வீட்டில் செய்யாதே. பினியன் நட்டை இறுக்குகிற பதம்தான் பேரிங்கின் ஆயுள். பேரிங் இரண்டுக்கும் நடுவில், இறுக்கும்போது நசுங்கிக் கொடுக்கிற நசுங்கு குழாய் இருக்கிற வகையில் புதுக் குழாய் போட்டு, பினியன் சுற்றுகிற இறுக்கத்தை அளந்து அளந்து இறுக்க வேண்டும். இடைவெளிக்கு வைத்திருக்கிற மெல்லிய தகடான பழைய ஷிம் ஒன்றைக்கூடத் தொலைக்காமல் கொண்டு வா. சீல் உட்காருகிற ஃபிளாஞ்சில் உப்பு அரித்த பள்ளம் இருந்தால் அதையும் மாற்றச் சொல்வேன், இல்லாவிட்டால் புது சீலின் உதட்டை அது அறுத்துவிடும்.

தங்கச்சிமடம் பிக்கப்:
ஆட்டிப் பார்த்தேன் மாமா. மேலும் கீழும் லேசாக இருக்கிறது, "டக்" என்று கையில் தெரிகிறது. தடைக்காலம் முடிவதற்குள் கொண்டு வருகிறேன். இனிமேல் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவது?

சத்திரம் வேன்:
புத்தகத்தில் இருப்பது காய்ந்த ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு. மீன் வண்டிக்கு வருஷத்தில் இரண்டு தடவை மேல் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பார். ஏப்ரலில் தடை தொடங்கும்போது ஒன்று, மழை முடிந்து தை மாதம் ஒன்று. நிறம் சரியாக இருந்தால் மூடிவிடு, வெளுத்திருந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்று.

தொண்டி ரோடு:
அண்ணே, அந்த ஹோஸ் முனையைத் திறந்தே விடுவதா? புழுதி போகாதா?

சத்திரம் வேன்:
பைக் பெட்ரோல் லைனுக்குப் போடுகிற சின்ன ஃபில்டரை முனையில் செருகி, முனை கீழே பார்க்கிற மாதிரி வளைத்துக் கட்டு. சைலன்சரிலிருந்து தள்ளிக் கொண்டுபோ. ஆக்ஸில் ஏறி இறங்கும் என்பதால் நடுவில் கொஞ்சம் தொய்வு விட வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்குகிற அளவுக்கு வளைவு வேண்டாம். ஃபில்டர் வெள்ளை பூத்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டு.